பண்பாட்டு ஆய்வு: ஒரு சுவரொட்டியை வைத்துக்கொண்டு தொடங்குவது எப்படி?

பாடத்திட்டத்தில் பண்பாட்டு ஆய்வு (கல்ச்சுரல் ஸ்டடீஸ்) என்று ஒரு தாள் இருக்கும். முதல் வாரம் வாசிக்கக் கொடுத்த கட்டுரையைத் திறந்தால் கிராம்ஷி, அல்தூசர், ஃபூக்கோ என்று கோட்பாட்டாளர்களின் பெயர்கள் வரிசைகட்டி நிற்கும். நாலாவது வாரம், "அன்றாட வாழ்க்கையிலிருந்து ஒரு பொருளை எடுத்துக்கொண்டு 3000 சொற்களில் ஆராய்க" என்று அசைன்மென்ட் வந்துவிடும். நடுவில் என்ன செய்ய வேண்டும், எதில் கை வைக்க வேண்டும் என்று பெரும்பாலும் யாரும் சொல்லித் தருவதில்லை. பிரிட்டன், அமெரிக்கா, ஆஸ்திரேலியா என்று எங்கே போய்ச் சேர்ந்தாலும், புதிதாக வருகிறவர்கள் தடுமாறுவது இந்த இடத்தில்தான்.

என் கட்சி ஒன்றுதான்: கோட்பாட்டைக் கடைசிக்குத் தள்ளி வையுங்கள். முதலில் ஒரு பொருள், அதைப் பற்றி ஒரு கேள்வி, அதற்கான சான்று. இந்தத் துறையில் பேர் வாங்கிய ஆய்வுகள் பலவும் அப்படிக் கிளம்பியவைதான். பெரிய பெயர்கள் வழியில் தேவைப்பட்டபோது வந்து சேர்ந்துகொண்டன.

எங்கிருந்து வந்தது இந்தத் துறை

சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1964-ல் பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் ரிச்சர்ட் ஹோகார்ட் தற்காலப் பண்பாட்டு ஆய்வு மையத்தைத் தொடங்கினார். லீட்ஸ் நகரத்துத் தொழிலாளர் குடியிருப்பில் வளர்ந்து ஆங்கிலப் பேராசிரியர் ஆனவர். தொடக்கப் பணத்தில் ஒரு பங்கைக் கொடுத்தவர் பெங்குவின் பதிப்பகத்தின் ஆலன் லேன். அதற்கு நாலு வருடம் முன்பு, 1960-ல், ஓர் ஆபாச நூல் வழக்கில் பெங்குவின் சிக்கியிருந்தபோது ஹோகார்ட் அந்தப் பதிப்பகத்துக்காகக் கூண்டேறிச் சாட்சி சொல்லியிருந்தார். அவருக்குப் பின் ஜமைக்காவில் பிறந்த ஸ்டூவர்ட் ஹால் மையத்தை ஏற்று 1979 வரை நடத்தினார். 2002-ல் பல்கலைக்கழக நிர்வாகமே அந்தத் துறையை இழுத்து மூடிவிட்டது. அதற்குள் அது அட்லாண்டிக்கையும் தாண்டி, ஆஸ்திரேலியாவிலும் வேர்விட்டிருந்தது.

அங்கே வேலை எப்படி நடந்தது என்பதற்கு ஓர் ஆய்வைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்க்கலாம். 1972 ஆகஸ்டில் லண்டன் வாட்டர்லூ நிலையத்துக்கு அருகே ஒரு முதியவர் கத்தியால் குத்திக் கொல்லப்பட்டார். பத்திரிகைகள் அதை 'மக்கிங்' என்று எழுதின, அதாவது தெருவில் ஆளைத் தாக்கிப் பறிப்பது. சட்டப் புத்தகத்தில் அந்தப் பெயரில் ஒரு குற்றமே கிடையாது. வழிப்பறி பிரிட்டனுக்குப் புதிதும் இல்லை. பெயர் மட்டும் அமெரிக்காவிலிருந்து வந்து இறங்கியது. அப்புறம் நவம்பரில் பர்மிங்ஹாமின் ஹாண்ட்ஸ்வொர்த் பகுதியில் மூன்று பையன்கள் ஒருவரை அடித்துப் பணம் பறித்தார்கள். மறு வருடம் தீர்ப்பு வந்தது: ஒருவனுக்கு 20 வருடம், மற்ற இருவருக்கும் பத்துப் பத்து வருடம். இந்தச் சம்பவம் நடந்தது மையம் இருந்த அதே ஊரில்.

ஹாலும் அவருடைய மாணவர்களும் கேட்ட கேள்வி, "வழிப்பறி ஏன் நடக்கிறது?" என்பது இல்லை. "இந்த நேரத்தில், இந்த அளவுக்கு ஒரு பீதி எப்படி உண்டானது?" என்பதுதான். பத்திரிகைச் செய்திகளைச் சேர்த்தார்கள். தலைப்புச் செய்தி, தலையங்கம், வாசகர் கடிதம் என்று தனித்தனியாகப் பிரித்துப் படித்தார்கள். காவல்துறை சொன்ன புள்ளிவிவரம் அந்தப் பீதியைத் தாங்குமா என்று சோதித்தார்கள். நீதிபதி சொன்னதைப் பத்திரிகை மேற்கோள் காட்டுகிறது. பத்திரிகை காட்டும் பொதுமக்கள் கவலையை அடுத்த நீதிபதி மேற்கோள் காட்டுகிறார். இந்தச் சுற்றைப் பிடித்தார்கள். அங்கிருந்து இனம், பொருளாதார நெருக்கடி, அரசின் அதிகாரம் என்று கேள்வி விரிந்து, 1978-ல் ஐந்து பேர் சேர்ந்து எழுதிய தடித்த புத்தகமாக வந்தது. கிராம்ஷி அதில் நிறையவே வருகிறார். ஆனால் புத்தகம் கிளம்பியது ஒரு செய்தித்தாள் வார்த்தையிலிருந்து. இதை மனதில் வைத்துக்கொண்டு உங்கள் அசைன்மென்டுக்கு வாருங்கள்.

பொருளைத் தேர்ந்தெடுப்பது

சின்னதாக எடுங்கள். "சமூக ஊடகங்களில் பெண்கள்" என்று எடுத்தால் 3000 சொல்லில் முன்னுரையைக்கூட முடிக்க முடியாது. ஒரு விளம்பரம், ஒரு நிகழ்ச்சியின் இரண்டு எபிசோடுகள், ஒரு கடைத்தெரு, ஒரு சீருடை, ஒரு நினைவுச் சின்னம். இந்த அளவு போதும். டேவிட் மோர்லி என்ற ஆய்வாளர் பிபிசியின் ஒரு மாலை நேர நிகழ்ச்சியில் இரண்டே இரண்டு ஒளிபரப்பை எடுத்துக்கொண்டுதான் 1980-ல் வெளிவந்த தன் பார்வையாளர் ஆய்வைச் செய்தார்.

இரண்டு விஷயத்தைப் பாருங்கள். அந்தப் பொருளைப் பற்றி எழுத்தில் ஏதாவது கிடைக்குமா? அதைப் பயன்படுத்துகிற நாலு பேரையாவது நீங்கள் சந்திக்க முடியுமா? இரண்டுக்குமே 'இல்லை' என்றால் வேறு பொருள் தேடுங்கள். உங்களுக்கு ரொம்பப் பிடித்ததை எடுக்கலாமா என்று கேட்பார்கள். எடுக்கலாம். ஆனால் ரசிகர் கடிதம் எழுதும் ஆபத்து இருக்கிறது. லேசாக எரிச்சலூட்டுகிற, ஆனால் எங்கே போனாலும் கண்ணில் படுகிற ஒன்று நன்றாக வேலை செய்யும்.

அப்படி ஒன்றை நானே எடுத்து, வேலையைப் படிப்படியாகச் செய்து காட்டுகிறேன். பிரிட்டனில் போய் இறங்கிய முதல் வாரத்திலேயே இதைப் பார்த்துவிடுவீர்கள்: 'கீப் காம் அண்ட் கேரி ஆன்' (பதறாமல் வேலையைப் பார்) சுவரொட்டி. காப்பிக் கோப்பை, துண்டு, சாவிக்கொத்து, குழந்தைச் சட்டை என்று அது ஏறாத பொருள் இல்லை.

முதலில் வர்ணனை

ஒரு தாளை எடுத்துக் கண்ணுக்குத் தெரிவதை மட்டும் எழுதுங்கள். விளக்கம் கூடாது. அழுத்தமான சிவப்புப் பின்னணி. மேலே நடுவில் வெள்ளையில் ஒரு கிரீடம். அதற்குக் கீழே ஐந்து சொற்கள், ஒன்றன்கீழ் ஒன்றாக, வெள்ளைப் பெரிய எழுத்தில், நடுவாக. 'அண்ட்' மட்டும் சின்ன எழுத்தில். ஆள் படம் இல்லை. துறையின் பெயர் இல்லை. தேதி இல்லை. போர் என்ற பேச்சே இல்லை.

இந்த வேலை சலிப்பாகத்தான் இருக்கும். ஆனால் பட்டியலின் கடைசி நாலு வரியைப் பாருங்கள்: எல்லாம் 'இல்லை'. ஒரு பிரதியில், அதாவது நாம் படிக்க எடுத்த எழுத்திலோ படத்திலோ, எது இல்லை என்பது, உட்கார்ந்து எழுதினால்தான் கண்ணில் படும். கட்டளை இடுவது யார் என்று அந்தச் சுவரொட்டி சொல்லவே இல்லை. கிரீடம்தான் பேசுகிறது.

அடுத்து மாற்றிப் பார்க்கும் சோதனை. குறிகள் எப்படிப் பொருள் தருகின்றன என்று ஆராயும் குறியியல்காரர்களிடமிருந்து வந்த பழைய உத்தி. கிரீடத்தை எடுத்துவிட்டுப் பிரதமரின் முகத்தை வைத்தால் என்ன ஆகும்? சிவப்பை மங்கலான பச்சையாக்கினால்? கட்டளையை "தயவுசெய்து பதற வேண்டாம்" என்று ஆக்கினால்? ஒவ்வொன்றையும் மாற்றும்போது பொருள் எங்கே உடைகிறதோ, அங்கேதான் அந்தக் கூறு வேலை செய்துகொண்டிருக்கிறது. இந்தச் சுவரொட்டியில் உங்களுக்கு இன்னொரு வசதியும் உண்டு. உலகமே இந்தச் சோதனையைச் செய்து வைத்திருக்கிறது. கிரீடம் இருந்த இடத்தில் கப் கேக், 'கேரி ஆன்' இருந்த இடத்தில் வேறு ஏதாவது வேடிக்கை, சிவப்புக்குப் பதில் ரோஸ், நீலம். அத்தனை கேலி வடிவங்களிலும் மாறாமல் தங்கியது அந்த அடுக்கு அமைப்பும் "பதறாதே" என்ற தொடக்கமும்தான். ஐம்பது கேலிப் படங்களைச் சேர்த்து எது மாறியது, எது மாறவில்லை என்று ஓர் அட்டவணை போட்டால் அதுவே நல்ல சான்று.

இந்தக் கட்டத்தில் நிறையப் பேர் "இதைப் பார்க்கும் மக்கள் அதிகாரத்துக்குப் பணிந்துவிடுகிறார்கள்" என்று எழுதிவிடுவார்கள். உங்கள் கையில் இருப்பது ஒரு தாள். மக்கள் என்ன நினைக்கிறார்கள் என்று தாளைப் பார்த்துச் சொல்ல முடியாது. பிரதியைப் படித்தால் பிரதியைப் பற்றிப் பேசுங்கள். மக்களைப் பற்றிப் பேச வேண்டுமானால் மக்களிடம் போங்கள். மதிப்பெண் குறைவதற்கு நான் அடிக்கடி பார்த்த காரணம் இந்த ஒரு தாவல்தான்.

பொருள் வந்த பாதை

இப்போது வரலாறு. 1939-ல் போர் வரும் என்று தெரிந்ததும், வான்வழித் தாக்குதலில் மக்கள் நிலைகுலைந்துவிடுவார்கள் என்ற பயத்தில், தகவல் அமைச்சகத்துக்காக மூன்று சுவரொட்டிகள் தயாராயின. மூன்றுக்கும் ஒரே அமைப்பு, ஒரே கிரீடம். இரண்டை உடனே நாடெங்கும் ஒட்டினார்கள். மூன்றாவதான நம்முடையதை ஏறத்தாழ 25 லட்சம் பிரதி அச்சடித்துவிட்டு, பெரிய குண்டுவீச்சு நடந்தபின் வெளியிடலாம் என்று கட்டி வைத்தார்கள். அந்த நாள் அவர்கள் நினைத்தபடி வரவில்லை. 1940-ல் காகிதத் தட்டுப்பாடு வந்தபோது பெரும்பாலானவை கூழாக்கப்பட்டன.

ஒட்டப்பட்ட இரண்டில் ஒன்று சொன்னது: "உங்கள் துணிவு, உங்கள் உற்சாகம், உங்கள் மனவுறுதி, எங்களுக்கு வெற்றியைத் தேடித் தரும்." மக்களுக்கு இது சுருக்கென்று தைத்தது. உழைப்பதும் சாவதும் 'உங்கள்' பாடு, ஜெயிப்பது மட்டும் 'நாங்களா' என்று கேட்டார்கள். இது நமக்கு எப்படித் தெரியும்? 1937-ல் தொடங்கிய மாஸ் அப்சர்வேஷன் என்ற அமைப்பு, அந்தச் சுவரொட்டிகளைப் பற்றி மக்கள் என்ன பேசுகிறார்கள் என்று 1939-லேயே விசாரித்து எழுதி வைத்தது. சாதாரண மனிதர்களின் நாட்குறிப்புகள், மதுக்கடைப் பேச்சு, பேருந்துப் பேச்சு எல்லாம் அவர்கள் சேகரித்தார்கள். அந்த ஆவணங்கள் இன்று சசெக்ஸ் பல்கலைக்கழகத்தின் பொறுப்பில் பிரைட்டனில் இருக்கின்றன. அரசு அனுப்பிய பொருளை மக்கள் தலைகீழாகப் படித்ததற்கு, அந்தக் காலத்திலேயே எடுத்த நேரடிச் சான்று. இதைவிட என்ன வேண்டும்?

சரி, நம் சுவரொட்டிக்கு மறுபிறவி எப்போது? 2000-ல். நார்தம்பர்லேண்டின் ஆன்விக் ஊரில், பழைய ரயில் நிலையத்தில் நடக்கும் பார்ட்டர் புக்ஸ் என்ற பழைய புத்தகக் கடைக்காரர்கள், ஏலத்தில் எடுத்த புத்தகப் பெட்டிக்குள் ஒரு பிரதியைக் கண்டார்கள். சட்டம் போட்டுக் கல்லாவுக்குப் பக்கத்தில் மாட்டினார்கள். வந்தவர்கள் எல்லாம் விலை கேட்கவே, மறு வருடம் மறுபதிப்பு அச்சடித்து விற்றார்கள். 2008 நிதி நெருக்கடிக்குப் பின் அது எங்கும் பரவியது. 2011-ல் ஒரு வியாபாரி அந்த வாசகத்தை ஐரோப்பிய ஒன்றியத்தில் தன் வணிகச் சின்னமாகப் பதிவு செய்தார். பொதுச்சொத்தான அரசுச் சுவரொட்டியை ஒருவர் எப்படித் தனதாக்கலாம் என்று மற்ற வியாபாரிகள் கொதித்தார்கள்.

இதில் ஒரு முரண் இருக்கிறது. போர்க்கால நினைவு என்று சொல்லித்தான் மக்கள் இதை வாங்குகிறார்கள். ஆனால் போர்க்காலத்தில் இதைப் பார்த்தவர்கள் மிகச் சிலர். பார்க்காத ஒன்று எப்படி நினைவாகிறது? இதோ, உங்களுக்கு ஓர் ஆய்வுக் கேள்வி கிடைத்துவிட்டது. "இந்தச் சுவரொட்டி பிரிட்டிஷ் அடையாளத்தைக் காட்டுகிறது" என்ற தட்டையான வாக்கியத்தைவிட இது எவ்வளவோ மேல்.

இதையெல்லாம் எங்கே தேடுவது? பிரிட்டன் பொருள்களுக்கு, லண்டனின் க்யூ பகுதியில் உள்ள தேசிய ஆவணக்காப்பகத்தில் தகவல் அமைச்சகத்தின் கோப்புகள் இருக்கின்றன. சுவரொட்டிகளுக்கு இம்பீரியல் போர் அருங்காட்சியகம். ஒலிபரப்பு நிகழ்ச்சி என்றால் பிபிசி ஜீனோம் தளத்தில் 1923 முதல் 2009 வரையிலான நிகழ்ச்சி நிரல் இலவசமாகக் கிடைக்கும். பழைய செய்தித்தாள் தரவுத்தளங்களுக்குப் பல்கலைக்கழக நூலகமே சந்தா கட்டியிருக்கும். நூலகத்தில் உங்கள் துறைக்கென்று ஒரு நூலகர் இருப்பார். அவருக்கு ஒரு மின்னஞ்சல் போடுங்கள். நம் பிள்ளைகள் இதைச் செய்யத் தயங்குவார்கள். அது அவருடைய வேலை, கேட்டால் சந்தோஷப்படுவார்.

ஐந்து பக்கம்

எதையெல்லாம் விசாரிக்க வேண்டும் என்று குழம்பினால் ஓர் எளிய கருவி உண்டு. ஹால் பின்னாளில் திறந்தவெளிப் பல்கலைக்கழகத்தில் வேலை பார்த்தபோது, அவரும் பால் டு கே உள்ளிட்ட சக ஆசிரியர்களும் 1997-ல் சோனி வாக்மேன் என்ற கையடக்கக் கேசட் கருவியை மட்டும் வைத்து ஒரு பாடநூல் எழுதினார்கள். எந்தப் பண்பாட்டுப் பொருளையும் ஐந்து பக்கத்திலிருந்து பார்க்கச் சொல்கிறது அது: எப்படிச் சித்திரிக்கப்படுகிறது, யாருடைய அடையாளத்தோடு சேர்கிறது, எப்படித் தயாராகிறது, எப்படி நுகரப்படுகிறது, எந்த விதிகள் அதைக் கட்டுப்படுத்துகின்றன.

வாக்மேன் கதையில் எனக்குப் பிடித்த இடம் ஒன்று. 1979-ல் வந்த முதல் வாக்மேனில் காதுக்கருவி செருக இரண்டு துளைகள். தனியாக உட்கார்ந்து கேட்பது மரியாதைக் குறைவு, இருவர் சேர்ந்துதான் கேட்பார்கள் என்று தயாரித்தவர்கள் நினைத்தார்கள். வாங்கியவர்களோ ஆளுக்கொன்றாகக் காதில் மாட்டிக்கொண்டு தெருவில் நடந்தார்கள். பின்னால் வந்த வகைகளில் இரண்டாவது துளை போய்விட்டது. பயன்படுத்துகிறவர்கள் ஒரு பொருளின் வடிவத்தையே மாற்றிவிட்டார்கள். தயாரிப்பையும் நுகர்வையும் தனித்தனி அத்தியாயமாக எழுதினால் இது தவறிப்போகும்.

ஐந்தையும் 3000 சொல்லில் அடைக்கப் பார்க்காதீர்கள். ஐந்துக்கும் குறிப்பு எடுங்கள். எழுதும்போது இரண்டை மட்டும் எடுத்து, அவை ஒன்றையொன்று எப்படித் தள்ளுகின்றன என்று காட்டுங்கள். நம் சுவரொட்டிக்கு நானாக இருந்தால் கட்டுப்பாட்டையும் அடையாளத்தையும் எடுப்பேன். எல்லோருக்கும் பொதுவான தேசிய நினைவு என்று கொண்டாடப்பட்ட ஒன்று, ஒருவரின் வணிகச் சின்னம் ஆனபோது என்ன நடந்தது என்று கேட்பேன்.

ஆட்களிடம் போவது

பேட்டி எடுப்பதாக இருந்தால் முதலில் அறநெறி அனுமதி வாங்க வேண்டும். பிரிட்டனில் துறைக் குழுவோ பல்கலைக்கழகக் குழுவோ தரும். அமெரிக்காவில் இந்தக் குழுவை ஐ.ஆர்.பி. என்பார்கள். பேசுகிறவருக்குக் கொடுக்கும் தகவல் தாள், கையெழுத்து வாங்கும் ஒப்புதல் படிவம், கேட்கப்போகும் கேள்விகள் எல்லாம் இணைக்க வேண்டும். வாரக்கணக்கில் இழுக்கும். அனுமதி வருமுன் எடுத்த பேட்டியைப் பயன்படுத்த முடியாது. அறைத்தோழனிடம் பேசினாலும் இதே விதிதான். ஆகவே பொருள் முடிவான வாரமே விண்ணப்பத்தைப் போட்டுவிடுங்கள். ஆவண வேலையை அந்த இடைவெளியில் பார்க்கலாம்.

கேள்வி கேட்பதில் ஒரு நுட்பம் இருக்கிறது. "இந்த வாசகம் உங்களுக்கு என்ன அர்த்தம் தருகிறது?" என்று கேட்டால், எதிரில் இருப்பவர் தேர்வு எழுதுவதுபோல் நிமிர்ந்து உட்கார்ந்து, "பிரிட்டிஷ் மக்களின் உறுதி" என்று பாடப்புத்தகப் பதில் ஒன்று சொல்லிவிடுவார். பொருளைக் கையில் வைத்துக்கொண்டு அதன் கதையைக் கேளுங்கள். இந்தக் கோப்பை உங்களிடம் எப்படி வந்தது? வாங்கினீர்களா, யாராவது கொடுத்தார்களா? வீட்டில் வைக்காமல் அலுவலகத்தில் ஏன்? வேறு யாராவது எடுத்துக் குடித்தால் என்ன சொல்வீர்கள்? கேலிப் பிரதி ஏதாவது பார்த்துச் சிரித்ததுண்டா? மருத்துவமனைப் பணியாளர் அறையில் இருக்கும் கோப்பையைப் பற்றி ஒரு செவிலியர், "ஆள் பற்றாக்குறை என்று புகார் சொன்ன வாரம் மேலாளர் கொடுத்தது" என்று சொன்னால், அந்த ஐந்து சொற்களும் அந்த அறையில் வேறு மாதிரிதான் ஒலிக்கும். அதை எந்தச் சுவரொட்டி வர்ணனையும் உங்களுக்குத் தராது.

அவர்கள் உங்கள் கேள்வியை விட்டு விலகிப் போனால் விடுங்கள். ஜானிஸ் ராட்வே என்ற அமெரிக்க ஆய்வாளர் 1980-களில் காதல் நாவல் வாசிக்கும் பெண்களைச் சந்தித்தார். கதையைப் பற்றித்தான் கேட்கப் போனார். அவர்களோ வாசிப்பு என்ற செயலைப் பற்றியே திரும்பத் திரும்பப் பேசினார்கள்: புத்தகத்தைக் கையில் எடுத்தால் அது என் நேரம், கணவரும் பிள்ளைகளும் கொஞ்சம் பொறுக்கட்டும் என்று. ராட்வே தன் கேள்வியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தால் 1984-ல் வந்த அந்த நூலின் சாரமே கிடைத்திருக்காது.

மூன்று நாலு பேட்டி உங்கள் அசைன்மென்டுக்குத் தாராளம். ஒரு மணி நேரப் பேச்சை எழுத்தில் ஏற்ற நாலைந்து மணி நேரம் போகும் என்பதையும் கணக்கில் வையுங்கள். நாலு பேரை வைத்து "பிரிட்டிஷ் மக்கள்" என்று எழுதிவிடாதீர்கள், அவ்வளவுதான்.

பேட்டிக்குப் பதில் இணையத்தில் இருக்கும் கருத்துகளை எடுக்கலாம் என்று தோன்றும். பொதுவில் இருப்பதால் மட்டும் அது உங்களுடையது ஆகிவிடாது. ஒருவர் எழுதிய வாக்கியத்தை அப்படியே எடுத்துப் போட்டால், தேடுபொறியில் போட்டு ஆளைக் கண்டுபிடித்துவிடலாம். பெயரை நீக்குவது போதாது. கருத்தை உங்கள் சொற்களில் மாற்றி எழுதுங்கள். இதற்கும் அனுமதி தேவையா என்று மேற்பார்வையாளரிடம் கேட்டுவிடுங்கள்.

இப்போது கோட்பாடு

குறிப்பேடு நிறைந்தபின் ஒரே ஒரு கருத்தாக்கத்தைத் தேர்ந்தெடுங்கள். ஹால் 1973-ல் மையத்தின் சைக்ளோஸ்டைல் தாளாக எழுதிய கட்டுரை, ஓர் ஒளிபரப்பைப் பார்க்கிறவர் அதை மூன்று நிலைகளிலிருந்து படிக்கலாம் என்றது: அனுப்பியவர் நினைத்தபடியே, பாதி ஏற்றுப் பாதி பேரம் பேசி, அல்லது முற்றிலும் எதிராக. 1939-ல் "எங்களுக்கு வெற்றி" என்பதைக் கேட்டுக் கோபப்பட்டவர்கள் இந்த மூன்றாவது வகை. மேலாளர் கொடுத்த கோப்பையில் தினமும் காப்பி குடித்துக்கொண்டே கிண்டல் செய்யும் செவிலியர் இரண்டாவதா மூன்றாவதா? சட்டென்று சொல்ல முடியவில்லை அல்லவா? அந்தத் தயக்கத்தைப் பற்றி எழுதுங்கள். ஆட்களை மூன்று பெட்டியில் பிரித்துப் போட்டுவிட்டு நிறுத்தினால் அது வகைப்பாடு, ஆய்வு ஆகாது.

ஹாலின் கருத்தையே மோர்லி 29 குழுக்களிடம் போட்டுப் பார்த்தார். வர்க்கத்தைப் பொறுத்து வாசிப்பு அமையும் என்பது எதிர்பார்ப்பு. கிடைத்ததோ வேறு. பயிற்சித் தொழிலாளர்கள், தொழிற்சங்கப் பிரதிநிதிகள், கறுப்பின மாணவர்கள் மூவருமே ஏறக்குறைய ஒரே வர்க்க நிலையில் இருந்தவர்கள். முதல் குழு நிகழ்ச்சியின் பார்வையோடு பெரும்பாலும் ஒத்துப்போனது. இரண்டாவது சண்டைக்கு நின்றது. மூன்றாவது, இது எங்களுக்கான நிகழ்ச்சியே இல்லை என்று ஒதுங்கிவிட்டது. சான்று கோட்பாட்டைத் திருத்தியது. உங்கள் நாலு பேட்டியும் இதைச் செய்யலாம், சின்ன அளவில்.

கிராம்ஷியின் மேலாண்மைக் கருத்து, அதாவது அதிகாரம் வெறும் பலத்தால் அல்ல, மக்களின் சம்மதத்தாலும் நிற்கிறது என்பது, நம் சுவரொட்டிக்கு நன்றாகப் பொருந்தும். 2010-க்குப் பின் பிரிட்டிஷ் அரசு பொதுச்செலவை வெட்டியபோது, ஆளுங்கட்சித் தலைவர்கள் "இதில் நாம் எல்லோரும் சேர்ந்தே இருக்கிறோம்" என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். அதே வருடங்களில்தான் "பதறாமல் வேலையைப் பார்" என்ற வாசகம் சமையலறைவரை வந்தது. அரசு அதை ஒட்டச் சொல்லவில்லை. மக்கள் காசு கொடுத்து வாங்கினார்கள். சம்மதம் இப்படிச் சிரிப்போடும் வரும் என்று வாதிடலாம். இந்தக் கோணத்தில் விரிவாக எழுதியவர் பிரிட்டிஷ் எழுத்தாளர் ஓவன் ஹாதர்லி. அவரோடு உடன்படாமலும் எழுதலாம். ஒரு சோதனை சொல்கிறேன்: கோட்பாட்டாளரின் பெயர் வரும் பத்தியை நீக்கிப் படியுங்கள். வாதம் அப்படியே நிற்கிறது என்றால் அந்தப் பத்தி தேவையில்லை.

இன்னொரு பள்ளம், எதைப் பார்த்தாலும் 'எதிர்ப்பு' என்று எழுதுவது. கடைக்குப் போவது எதிர்ப்பு, தொலைக்காட்சி பார்ப்பது எதிர்ப்பு, கோப்பையில் கேலி வாசகம் எழுதுவதும் எதிர்ப்பு. ஆஸ்திரேலியப் பண்பாட்டு ஆய்வாளர் மேகன் மோரிஸ் 1980-களின் இறுதியிலேயே, ஒரே கட்டுரையை ஆயிரம் பெயரில் அச்சடித்துக்கொண்டிருக்கிறார்களோ என்று தோன்றும் அளவுக்கு இது சலித்துவிட்டது என்று சாடினார். துறைக்கு வெளியிலிருந்து வந்த சாட்டையடி இன்னும் உறைப்பானது. 1958 கலவரத்துக்குப் பின் இலங்கையை விட்டு லண்டன் வந்து, இன உறவுகள் நிறுவனத்தின் நூலகராக இருந்து பின் அதன் இயக்குநரான அம்பலவாணர் சிவானந்தன், 1990-ல் ஹாலின் அணியினரை நேரடியாகவே தாக்கினார். அடையாளம், நுகர்வு, பாணி என்று பேசிப் பேசி, வேலையில்லாதவனையும் தெருவில் அடிபடுகிறவனையும் விட்டுவிட்டீர்கள் என்பது அவர் குற்றச்சாட்டு. நியாயம் யார் பக்கம் என்பது ஒருபுறம் இருக்கட்டும். ஹாலைப் படிக்கிற தமிழ் மாணவர் சிவானந்தனையும் படிக்காமல் ஊர் திரும்பக் கூடாது என்பது என் அபிப்பிராயம்.

எழுதும்போது

முதல் பத்தியிலேயே பொருளைக் கொண்டு வாருங்கள். "உலகமயமாதல் காலத்தில் பண்பாடு என்பது" என்று தொடங்கும் கட்டுரைகளைத் திருத்துகிறவர் ஏற்கெனவே நாற்பது படித்திருப்பார். 'நான்' என்று எழுதலாம். இந்தத் துறையில் அதற்குத் தடையில்லை. ஆனால் 'நான்' வருவதற்கு வேலை இருக்க வேண்டும். பேட்டி கொடுத்த ஆங்கிலேயர், வெளிநாட்டு மாணவரான உங்களிடம் தேசப்பெருமையைக் கொஞ்சம் கூட்டியோ குறைத்தோ பேசியிருக்கலாம். அதைச் சொல்லுங்கள். அது சான்றின் ஒரு பகுதி.

வாசிப்பதற்கு எங்கே தொடங்குவது என்றால், இந்தத் துறைக்கு அடித்தளம் போட்டவர்களில் ஒருவரான ரேமண்ட் வில்லியம்ஸ் 1958-ல் எழுதிய, பண்பாடு சாதாரணமானது என்று சொல்லும் கட்டுரை. பேருந்து நிறுத்தத்தில் தொடங்கி, ஒரு பயணத்தைச் சொல்லிக்கொண்டே வாதத்துக்குள் இறங்குகிறது. ஒரே மாலையில் படித்துவிடலாம். அடுத்து வாக்மேன் நூலின் முதல் பகுதி. ஹாலின் 1973 கட்டுரையை அதற்கப்புறம் படித்தால் பாதி சிரமம் குறையும். மையத்தின் பழைய சைக்ளோஸ்டைல் தாள்களில் நிறையவற்றைப் பர்மிங்ஹாம் பல்கலைக்கழகம் இணையத்தில் போட்டிருக்கிறது. அடித்தல் திருத்தலோடு ஆராய்ச்சி மாணவர்கள் எழுதியவை அவை, பயமுறுத்தாது.

செமினாரில் பேசத் தயக்கமாக இருந்தால், வாசித்த கட்டுரையில் ஒரு பக்க எண்ணையும், அங்கே புரியாத ஒரு வரியையும் குறித்துக்கொண்டு போங்கள். "இந்த வரியில் ஆசிரியர் சொல்வதற்கு என்ன சான்று?" என்ற கேள்வி எந்த வகுப்பிலும் எடுபடும்.

மேற்பார்வையாளரை முதன்முறை பார்க்கப் போகும்போது ஒரே ஒரு பக்கம் எடுத்துப் போங்கள். பொருளின் படம், விளக்கம் சேர்க்காத பத்து வரி வர்ணனை, ஒரு வாக்கியத்தில் கேள்வி, பார்க்கப்போகும் ஆவணம் எது, பேசப்போகும் ஆட்கள் யார், அறநெறி விண்ணப்பம் எந்த நிலையில் இருக்கிறது. கோட்பாட்டாளர் பெயர் எதுவும் அதில் வேண்டாம். அவரே கேட்பார், அப்போது சொல்லிக்கொள்ளலாம்.